எப்ப எடுப்பீங்க

ராத்திரி முழுக்க மழை கொட்டித் தீர்த்துவிட்டு விடியும்போதுதான் ஓய்ந்தது. வாசல் விளக்கை அணைக்க வந்த டெய்லரம்மாவின் கண்ணில் முதலில் பட்டது அந்த வேன்தான். பட்டதும் வயிறு எரிந்தது. அதில் புதிதாக ஒன்றுமில்லை, வேன் வந்து நின்ற நாளிலிருந்து அவளுக்குப் பொழுது விடிவதே வயிற்றெரிச்சலில்தான். இன்றைக்கு அந்த எரிச்சலுக்கு நடுவே வேறு ஏதோ உறுத்தியது. என்னவென்று பிடிபடாமல் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

ராத்திரி முழுக்க ஒரு வண்டி ஒரே இடத்தில் நின்றால் மேலே நனைந்திருக்கும், அடியில் தரை காய்ந்து கிடக்கும். இங்கே எல்லாம் தலைகீழாக இருந்தது. வேனுக்கு அடியில் ரோடு மற்ற இடங்களைப் போலவே நனைந்து, நடுவில் ஒரு சின்னக் குட்டைகூடத் தேங்கியிருந்தது. வேனின் மேலோ பழைய தூசி ஒரு பொட்டுக்கூடக் கலையவில்லை. கம்பிக்கு நடுவே கையை நீட்டித் தொட்டாள். விரலில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டது. கூடவே ஒரு வாடை. பல வருஷம் பூட்டிக் கிடந்த அலமாரியைத் திறந்தால் பழந்துணியும் பாச்சை உருண்டையுமாக ஒன்று முகத்தில் அடிக்குமே, அது.

ராத்திரி யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டு, மழை விட்டதும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள். அப்படியென்றால் எடுக்கத் தெரிகிறது. திரும்ப விடுவதற்கு மட்டும் இவள் வாசலை விட்டால் வேறு இடமே கிடைக்கவில்லையா? தூசியைப் பற்றி யோசிப்பதைத் தள்ளிப் போட்டாள்.

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். பஸ் ஓட்டியே தலை நரைத்தவர். வேலையை விட்டு வருஷங்கள் ஆகியும் தெருவில் எல்லாருக்கும் இன்னும் அவர் டிரைவர்தான்.

“ராத்திரி அந்த வேனை யாரோ எடுத்திருக்காங்க. கவனிச்சீங்களா?”

“யாரும் எடுக்கல. நான் தூங்கவே இல்ல. ஸ்டார்ட் பண்ணினா எனக்குக் கேக்காதா?”

கேட்கும். தெருமுனையில் ஒரு வண்டி திரும்பினால், இன்னாருடையது, இன்ன கோளாறு என்று படுத்தபடியே சொல்லிவிடக்கூடிய காது அது. அவள் மாத்திரையை எடுத்து நீட்டினாள்.

அந்த மாத்திரைதான் அவளுடைய பயம் மொத்தமும். போன தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவர் சாய்ந்தபோது, எப்படியோ நேரத்துக்குக் கொண்டு சேர்த்துவிட்டார்கள். ‘அடுத்த தடவை வந்தா யோசிச்சுட்டு உக்காராதீங்க, உடனே தூக்கிட்டு வந்துடணும்’ என்று டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் கேட் திறக்க வேண்டும். வீடு கட்டும்போது உள்ளே இடம் அடைக்குமென்று இந்த மனுஷன்தான் கேட்டை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தார். வேன் வந்த புதிதில் கேட் முக்கால்வாசி திறந்தது. பிறகு பாதி. இப்போது அவளே ஒருக்களித்து, வயிற்றை எக்கிக்கொண்டுதான் வெளியே போகிறாள். ஸ்ட்ரெச்சர் எப்படிப் போகும்? தினமும் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே, மனசுக்குள் அந்த இடுக்கு வழியாக ஒரு ஸ்ட்ரெச்சரைச் சாய்த்தும் நிமிர்த்தியும் பார்ப்பாள். போகவே போகாது.

வேன் எதிர்வீட்டுக்காரருடையது. அப்படித்தான் அவள் நினைத்தாள். பல காலம் பூட்டிக் கிடந்த அந்த வீட்டில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்த மறுநாள்தான் வேன் வந்தது. அவர் மெலிந்த மனிதர். கழுத்துவரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை, அதன் முன்பக்கத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. போட்டுக்கொண்ட மாதிரி இல்லாமல் மேலே வைத்துப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். டெய்லர் கண்ணுக்கு அது ஒப்பவில்லை, ஆனால் வாயால் சொல்லத் தெரியவில்லை. முதல் வாரமே அவள் போய்க் கேட்டாள்.

“கேட் திறக்க முடியலைங்க. வண்டிய எப்ப எடுப்பீங்க?”

“ஆள் வரணும்மா,” என்றார். குரல் அவ்வளவு தணிவு, ஏதோ இவளுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. “வந்ததும் எடுத்துடுவோம்.”

டிரைவர் வர வேண்டும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

“வீட்ல நீங்க ரெண்டு பேரும்தானா? வேற யாரும் இல்லையா?”

“ஒரே பொண்ணு. வெளியூர்ல இருக்கா.”

அவர் தலையாட்டினார். பிறகு முதுகைக் காட்டாமல், அவளைப் பார்த்தபடியே பின்வாங்கி நடந்து கதவுக்குள் போனார். இந்தக் காலத்தில் இப்படியும் மரியாதையா என்று அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு எத்தனை தடவை கேட்டாளோ, பதில் மாறவே இல்லை. ஆள் வரணும், வந்ததும் எடுத்துடுவோம். போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் செய்தாள். வண்டி யாருடையது என்று கேட்டார்கள். எதிர்வீட்டுக்காரருடையது என்றாள். அப்படியென்றால் எதிர்வீட்டுக்காரரிடமே பேசிப் பாருங்கள் என்று பெரிய யோசனை சொல்லி வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு டீச்சரிடம் புலம்பினாள். துணைக்கு ஒரு ஆளாவது சேரட்டும் என்ற ஆசையில்தான்.

மதில் சுவருக்கு மேலே டீச்சரின் முகம் குழம்பியது. “அது உங்க வீட்டு வண்டி இல்லையா?”

“எங்களுக்கு ஏது டீச்சர் வேன்?”

“உங்க வாசல்லதானே நிக்குது. உங்க வீட்டுக்கு வந்ததுன்னு நினைச்சேன். தெருவுல எல்லாருமே அப்படித்தான் பேசிக்கிறாங்க.”

பேசிக்கிறார்களா? யார், எப்போது? டீச்சர் இரக்கப்படுகிற மாதிரி அவளைப் பார்த்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து டெய்லரம்மாவுக்குத் தெருவின்மேலேயே சந்தேகம் வந்தது. எல்லாரும் சேர்ந்துதான் ஏதோ செய்கிறார்கள். ஒருவர் விடாமல் அவள் வாசலைக் கடக்கும்போது குரலைத் தணிக்கிறார்கள். டூ வீலரில் போகிறவன்கூட வேன் பக்கத்தில் வந்ததும் ஹாரனிலிருந்து விரலை எடுத்துவிடுகிறான்.

மழை ஓய்ந்த அன்று மத்தியானம் அவள் துணியில் குறி போடும் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இவர்கள் ராத்திரியில் நகர்த்துகிறார்களா இல்லையா என்பது தெரிந்தாக வேண்டும். குனிந்து, முன்டயரின் பக்கவாட்டிலிருந்து காய்ந்த ரோடு வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். வண்டி ஒரு விரல்கடை நகர்ந்தாலும் கோடு இரண்டாக அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மறுநாள் காலையில் கேட் இன்னும் ஒரு சாண் குறைவாகத்தான் திறந்தது. அந்த இடுக்கில் தலையை மட்டும் நுழைத்து எட்டிப் பார்த்தாள். டயரிலிருந்து ரோடு வரைக்கும் கோடு அறுபடாமல் அப்படியே இருந்தது. வேன் நகரவில்லை. அப்படியானால் எது நகர்ந்தது? கேட்டைத் தொட்டாள். பக்கத்துத் தூணைத் தொட்டாள். தன் வீட்டையே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அது எப்போதும்போல் நின்றுகொண்டிருந்தது. ஆனாலும் அதன் முகம் தெருவை நோக்கிக் கொஞ்சம் முன்னால் வந்துவிட்ட மாதிரி தோன்றியது.

அன்றைக்குத்தான் மகளுக்குப் போன் போட்டாள். வெளியூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறாள், வாய் நீளம். வயது முப்பதை நெருங்கியும் அம்மாவுக்குப் பாப்பாதான்.

“நீ ஏம்மா பயப்படுற? சனிக்கிழமை சாயங்காலம் வர்றேன். அந்த ஆளுகிட்ட நான் பேசிக்கிறேன். வாசலை மறிச்சா என்ன ஆகும்னு சட்டத்தைக் காட்டிட்டு வர்றேன்.”

“வேலை கெடாதா?”

“கெட்டா கெடட்டும். அப்பாவைப் பாத்தும் நாளாச்சு. ஆங், ரெடிமேட் டிரஸ் ரெண்டு வாங்கினேன், வழக்கம்போல நிக்கவே மாட்டேங்குது. கொண்டு வர்றேன், சரி பண்ணிக் குடு.”

போனை வைத்ததும் பாதி பாரம் இறங்கியது. அவள் பெற்றது ஒன்றே ஒன்று என்றாலும், பத்து பேருக்குச் சமம் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரர். எப்படி வந்தார்? கேட் கிறீச்சிடவில்லையே. கையில் இளநீலத்தில் ஒரு நீளக் கவுன் மடித்து வைத்திருந்தார்.

“ஒரு சின்ன வேலைம்மா. முதுகுப் பக்கம் மேலருந்து கீழ வரைக்கும் பிளந்துட்டு, கட்டுறதுக்கு நாடா வச்சுக் குடுக்கணும். கையத் தூக்கிப் போட முடியாதவங்களுக்கு.”

“நோயாளிங்களா?”

“எங்களோட வரப்போறவங்க. இடது தோளைக் கொஞ்சம் இறக்கிடுங்க.”

அவளுக்கு மனசு இளகியது. அந்த வீட்டிலும் ஒரு படுக்கை இருக்கிறது, பாவம். அதுவும் போக, பேரம் பேச இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. “எப்ப வேணும்?”

“சனிக்கிழமை சாயங்காலம்.”

“தச்சுடுறேன். கூலியெல்லாம் வேண்டாம். நீங்க எடுத்தாப் போதும்.”

அவர் வெகுநேரம் அவளையே பார்த்தார். “நீங்களே சொல்லிட்டீங்க,” என்றார். “எடுத்துடுவோம்.”

உட்கார்ந்த சூட்டில் வேலையை முடித்தாள். முதுகைப் பிளந்தாள், ஓரம் மடித்தாள், கழுத்திலும் இடுப்பிலும் நாடா வைத்தாள். தோளை எவ்வளவு இறக்குவது என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. டேப் எடுக்காமலே கத்தரி சரியான இடத்தில் போய் நின்றது. உலகத்தில் எவருக்கும் இரண்டு தோளும் சமமாக இருப்பதில்லை, அது டெய்லருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இப்படிப் பின்னால் பிளந்து அவள் முன்பும் தைத்துக் கொடுத்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு நிறைய. வேறொரு காரியத்துக்காக ஒரே ஒரு தடவை, ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. அந்த ஒரு தடவையை அவள் அப்போது நினைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வானம் மறுபடியும் மூடிக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர் வந்து கவுனை வாங்கிக்கொண்டார். விரித்துப் பார்க்கக்கூட இல்லை. “பொருத்தமா இருக்கும்,” என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்கிற நேரத்தில் டீச்சர் மதில் சுவர் ஓரமாக வந்து நின்றாள். முகம் கழுவி, வெளியே கிளம்புகிற மாதிரி உடுத்தியிருந்தாள்.

“பின்தெருவுல ஒரு பெரியவர் தவறிட்டாரு, தெரியுமா? போய்ப் பாக்கலாம்னு கிளம்பினேன். அதுக்குள்ள எடுத்துட்டாங்களாம்.”

“எதை?” என்று கேட்டாள் டெய்லரம்மா. அவள் நினைப்பு முழுக்க வேனில் இருந்தது.

டீச்சர் விநோதமாகப் பார்த்தாள். “எதையா? அவரைத்தான். மகன் வரணும்னு காத்திருந்தாங்க. வந்ததும் எடுத்துட்டாங்க.”

டெய்லரம்மா நின்ற இடத்திலேயே நின்றாள்.

ஆள் வரணும். வந்ததும் எடுத்துடுவோம்.

எத்தனை சாவு வீட்டில் அவளே கேட்டிருக்கிறாள். குரலைத் தணித்து, எப்ப எடுப்பீங்க என்று. வெளியூரிலிருந்து ஆள் வரணும் என்று தணிந்த குரலிலேயே அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். யாரும் எதை என்று சொல்வதில்லை, கேட்பவர்களும் கேட்பதில்லை. எதிர்வீட்டுக்காரரும் சொல்லவில்லை. வண்டியை என்று சேர்த்துக்கொண்டது அவள்தான்.

திரும்பி வீட்டைப் பார்த்தாள். உள்ளே கட்டில். கட்டிலில் அவர். வெளியூரிலிருந்து வரவேண்டிய ஆள் பாப்பா.

போனை எடுத்தாள். “பாப்பா, வராத. எங்க இருக்க? திரும்பிப் போயிடு.”

“என்னம்மா உளறுற? டாக்ஸியில வந்துட்டிருக்கேன். பத்தே நிமிஷம்.”

“சொன்னாக் கேளுடி. நீ வந்தா அப்பாவை—”

கட்டாகிவிட்டது. மறுபடி போட்டாள். போகவில்லை.

உள்ளே ஓடினாள். அவர் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நெஞ்சில் கை வைத்தாள். அடித்தது. ஜன்னலைச் சாத்தினாள், அறைக் கதவைத் தாழிட்டாள், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். எவன் வந்தாலும் சரி, இந்தக் கையை விடப்போவதில்லை. இத்தனை வருஷம் நூல் பிடித்த கை, அவ்வளவு சுலபத்தில் விடாது. வெளியே தெருவில் நடப்பதை உடம்பெல்லாம் காதாகக் கேட்டாள். கேட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம். செருப்புகள் மெல்லத் தேய்கிற சத்தம். பிளாஸ்டிக் நாற்காலியை யாரோ தூக்கிக் கீழே வைக்கிறார்கள். பலர் கூடி, ஒருவரும் பேசாத அமைதி. சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாக அந்த அலமாரி வாடை நுழைந்தது.

அவர் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. சீராக. திடமாக. கொஞ்சம்கூடக் குறையாமல்.

அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

போன் அடித்தது. பாப்பா.

“அம்மா, வாசல்ல நிக்கிறேன். கேட்டைத் திற. வேன் வேன்னு உயிரை வாங்கினியே, இங்க ஒண்ணையும் காணோமே.”

“ஒண்ணும் இல்லையா?”

“வாசலே காலியா கிடக்கு. ஆமா, எதுக்கும்மா தெருவுல எல்லாரும் வெளிய வந்து நிக்கிறாங்க?”

அவர் கையை விட்டாள். தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

வேன் நின்றது. கேட்டை ஒட்டி. கம்பியில் இரும்பு உரச. கேட்டைத் தள்ளினாள். ஒரு விரல்கூட நகரவில்லை. வேனுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. போன் காதிலேயே இருந்தது.

“பாப்பா, அங்கயே நில்லு. யார் கூப்பிட்டாலும் போகாத.”

“ஒரு அங்கிள் வர்றாரும்மா. ரொம்ப மரியாதையா...”

மண்டியிட்டாள். தரையில் கன்னம் பட, வேனுக்கு அடியில் பார்த்தாள். அந்தப் பக்கம் பாப்பாவின் கால்கள். போன பிறந்தநாளுக்கு வாங்கிக்கொண்ட சிவப்புச் செருப்பு. பக்கத்தில் பை. அதைச் சுற்றி வேறு கால்கள். வெறுங்கால்கள். நிறைய. நகங்கள் நீலம்.

“பாப்பா!”

இடது செருப்பு தரையை விட்டு எழும்பியது. ஏறுகிற மாதிரி.

வலது செருப்பும்.

கத்தினாள். கம்பிக்குள் கையை நுழைத்துத் தகரத்தை அறைந்தாள். தூசி பறந்தது. சத்தம் வரவில்லை, மெத்தையில் அடித்த மாதிரி இருந்தது.

பிறகு, இத்தனை நாளில் முதல்முறையாக, எஞ்சின் உறுமியது.

வேன் நகர்ந்தது. கேட் தானாக வெளிப்பக்கம் சாய்ந்து, முழுசாக, அகலமாகத் திறந்துகொண்டது. எந்த ஸ்ட்ரெச்சரும் தாராளமாகப் போகலாம். எதிரே அந்த வீடு இருட்டில் கிடந்தது, கதவில் துருப்பிடித்த பூட்டு. தெருவின் இரண்டு பக்கமும் எல்லாரும் நின்றார்கள். டீச்சரும் நின்றாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. ஒருவரும் வேனைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்கள்.

ரோட்டில் பாப்பாவின் பை தனியாக இருந்தது.

வேனின் பின்கண்ணாடி வழியாக இரண்டு முதுகுகள் தெரிந்தன. ஓட்டுகிற எதிர்வீட்டுக்காரரின் முதுகை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். சட்டை காலரிலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது. ஓரம் மடித்திருந்த விதம் தெரிந்தது. அந்த மடிப்பு அவளுடையது. விறைத்துப்போன ஒரு உடம்புக்கு மாட்ட முடியவில்லையென்று எந்தக் காலத்திலோ யாரோ கொண்டுவந்து, அவள் பிளந்து கொடுத்த அந்த ஒரே ஆண்பிள்ளைச் சட்டை.

பக்கத்தில் இளநீலம். இடது தோள் சற்று இறங்கி. மூன்றாம் வகுப்பில் ஊஞ்சலிலிருந்து விழுந்து முறிந்த எலும்பு, கொஞ்சம் தாழ்ந்தே கூடிய தோள். வெளியே தெரியக்கூடாதென்று இத்தனை வருஷமாக ஒவ்வொரு உடுப்பிலும் அவள் சரிக்கட்டிக்கொண்டு வந்த தோள்.

கவுன் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. தூங்கி எழுந்த, தெம்பான குரல்.

“சத்தம் கேட்டுதே. எடுத்துட்டாங்களா?”

அவள் காதில் போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. எஞ்சின் இரைச்சலுக்கு அடியில், சின்ன வயதில் காய்ச்சலில் முனகுவாளே, அதே குரல்.

“அம்மா... முதுகெல்லாம் குளிருதும்மா.”